அட்லஸ் பயணங்களை மூன்றோடு நிறுத்தியது பெரிய தவறு

அமெரிக்காவின் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) என்றதும் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்ததும் விண்வெளி நிலையத்தைக் கட்டியதும்தான் பேசப்படுகின்றன. வளிமண்டலத்தையும் சூரியனையும் சேர்த்து அளக்கப் போன மூன்று அட்லஸ் பயணங்களை அதிகம் பேர் நினைப்பதில்லை. போன விண்ணோடங்கள்: 1992 மார்ச்சில் அட்லாண்டிஸ், 1993 ஏப்ரலில் டிஸ்கவரி, 1994 நவம்பரில் மறுபடி அட்லாண்டிஸ். விண்ணோடத்தால் மட்டுமே முடிந்த வேலை அது.

ஏன் என்று புரிய நிம்பஸ்-7 கதை தெரிய வேண்டும். 1978இல் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள், பூமியிலிருந்து சிதறித் திரும்பும் புற ஊதா ஒளியைச் சூரியனின் நேர் ஒளியால் வகுத்து ஓசோனைக் கணக்கிட்டது. சூரியனை அளக்கும்போது மட்டும் ஒளியைப் பரப்பும் ஒரு தட்டு நீளும். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தத் தட்டு மங்கிவிட்டது. தட்டு மங்கினால் சூரியனே மங்கியதாகப் பதிவாகும், விகிதம் ஏறும், ஓசோன் புற ஊதாவை உறிஞ்சுவது என்பதால் அது உண்மையைவிட அதிகமாகக் குறைந்ததாகக் கணக்கு வரும். ஓசோன் இழப்பு உண்மைதான். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். 1988இல் நிபுணர் குழு உட்கார்ந்து இதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கடைத் தராசின் எடைக்கல்லை அவ்வப்போது முத்திரையிடக் கொண்டுபோவதுபோல், விண்ணில் உள்ள கருவியையும் யாராவது சரிபார்க்க வேண்டும். எஸ்எஸ்பியுவி என்ற கருவி அதைச் செய்தது. ஏவுமுன் ஆய்வகத்தில், ஒளியளவு துல்லியமாகத் தெரிந்த தரவிளக்கின் முன் வைத்து அளப்பார்கள். மேலே போனதும் உள்விளக்கால் ஒருமுறை சோதனை. பிறகு ஓசோன் கருவியுள்ள அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் கடந்த அதே இடத்தை ஒரு மணி நேரத்துக்குள் இதுவும் அளக்கும். தரையிறங்கியதும் திரும்ப அதே ஆய்வகம். முன்னும் பின்னும் எடுத்த அளவு ஒத்துப்போனால்தான் நடுவில் எடுத்ததை நம்பலாம். 1989 முதல் 1996 வரை எட்டு முறை பறந்தது; அவற்றில் மூன்று அட்லஸ் பயணங்கள்.

சூரியனின் மொத்த ஆற்றலை அளக்கும் அக்ரிம், புற ஊதாவை அளக்கும் சூசிம் இரண்டுக்கும் இரட்டைகள், மேல் வளிமண்டலத்தை ஆராயும் யுஏஆர்எஸ் செயற்கைக்கோளில் 1991 முதல் ஓடிக்கொண்டிருந்தன. கீழிருந்து புதிதாகச் சரிபார்த்து வந்தவை விண்ணோடத்தில் இருந்ததால், மேலே உள்ளது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

ஆட்கள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான கருவிகளுக்கான கட்டளைகள் தரையில், ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசா மையத்திலிருந்தே போயின. கருவிகள் சரக்குத் தளத்தில் இறுகப் பூட்டப்பட்டிருந்ததால், சூரியனைப் பார்க்க விண்ணோடத்தையே திருப்ப வேண்டும். இரு குழுக்கள் 12 மணி நேர முறையில் அதைக் கவனித்தன. 1994இல் கிறிஸ்டா-ஸ்பாஸ் என்ற துணைக்கோளை இயந்திரக் கையால் விடுவித்து, எட்டு நாள் கழித்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1992இல் செயற்கைத் துருவ ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான் பீச்சியில் ஃபியூஸ் போனபோது ஆட்கள் இருந்தும் பயனில்லை. கருவி வெளியே வெற்றிடத்தில் இருந்தது.

விண்ணோடமே கருவிக்கு எதிரியும்கூட. கழிவுநீரும் உந்துவிசைப் புகையும் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து கசியும் ஆவியும் கண்ணாடிமேல் படியும். புற ஊதா பட்டால் அந்தப் படலம் கெட்டியாகிவிடும். சூரியன் மங்குவதாகத் தோன்றுவது அந்த அழுக்காகவே இருக்கலாம். தரையில் மறுபடி அளக்காமல் இதைப் பிரித்தறிவது கடினம்.

11 ஆண்டுச் சூரியச் சுழற்சி முழுவதையும் தொடர வேண்டும் என்ற திட்டம் மூன்று பயணங்களோடு முடிந்தது. இன்று சூரிய ஆற்றலை அளக்கும் டிசிஸ்-1 கருவி விண்வெளி நிலையத்தில் இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் ஆய்வக விளக்கின் முன் திரும்ப நிற்கப்போவதில்லை. அமெரிக்க ராணுவத்தின் சிறிய விண்கலமான எக்ஸ்-37பி ஆளில்லாமல் போய் ஓடுபாதையில் இறங்குகிறது. சரக்கிடம் ஏறக்குறைய 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஓசோன் கருவி ஒன்றுக்கு அந்த இடம் போதும். அப்படியொரு கலத்தை அறிவியலுக்கென்று ஒதுக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அனுப்பிச் சரிபார்த்துத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டும்.