மூளைக் கட்டிக்குச் சிகிச்சை முடித்து வந்தவரிடம் அவருடைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்து வீடு திரும்பியவருக்கு நம் வீடுகளில் முதலில் கிடைப்பது ஒரு சாய்வு நாற்காலி. அடுத்துக் கிடைப்பது, யாராவது அலைபேசியில் ஏற்றிக் கொடுக்கும் நினைவாற்றல் விளையாட்டு. அதற்குள் அவர் அதுவரை செய்துவந்த வேலைகள் எல்லாம், "உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்" என்ற அன்பான சொல்லோடு ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயிருக்கும். இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அவர் மனம் தொடர்ந்து இயங்க வேண்டுமானால் அவருடைய சொந்த வேலையை, அவருடைய இன்றைய அளவுக்குச் சிறிதாக்கி, அவரிடமே கொடுக்க வேண்டும். விளையாட்டும் புதிரும் அதற்குப் பிறகு வரட்டும்.

என் அண்ணன் மார்த்தாண்டம் பக்கம் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். இடப்பக்க முன்மூளையில் கட்டி இருப்பது தெரிந்து, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பலரும் செய்வதைப் போல, நாங்களும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் போனோம். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை வழியான கீமோ எல்லாம் முடிந்தபோது அவரால் நடக்க முடிந்தது, தானே சாப்பிட முடிந்தது, பேசவும் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் "ஆள் பழைய மாதிரி ஆகிவிட்டார்" என்றே சொன்னார்கள். ஆனால் ஒரு வேலையை எங்கே தொடங்கி, அடுத்து எதைச் செய்து, எங்கே முடிப்பது என்ற வரிசை அவருக்குக் குலைந்து போயிருந்தது. தெரிந்த பொருளின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதையும் பின்தொடர முடியாது. திட்டமிடுதல், கவனத்தை ஒன்றில் நிறுத்துதல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுதல் ஆகியவற்றில் முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் இவை எதிர்பார்க்கக் கூடியவையே. ஆனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு இவை மறதியாகவோ சோம்பலாகவோதான் தோன்றும்.

ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கில் ஆறு வாரம் அளவுக்கு நீளும் கதிர்வீச்சு முடிந்ததும் களைப்பும் முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கடைசித் தவணைக்குப் பின் வரும் சில வாரங்களில்தான் அது பெரும்பாலும் உச்சத்துக்குப் போகிறது. வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் தரும். வலிப்பைத் தடுக்கும் மாத்திரைகளில் சிலவும் மந்தத்தையோ கோபத்தையோ கொண்டுவரும். ஆகவே மனப் பயிற்சி என்ற பேச்சை எடுக்கும் முன் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்வதுண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதோ குறைப்பதோ மட்டும் ஒருபோதும் கூடாது, குறிப்பாக ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும். தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், "மூளைக்கு வேலை கொடுக்கிறோம்" என்று இரவில் விழிக்க வைத்து எதையும் படிக்கச் சொல்வது ஆபத்தான அன்பு.

செயலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றை விற்ற நிறுவனம், போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அது மறுநாள் கடைக் கணக்கிலும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்காகப் பயிற்சியே வீண் என்றும் முடிவுகட்டக் கூடாது. நெதர்லாந்தில், நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்களில் தோன்றும் குளையோமா வகை மூளைக் கட்டி இருந்த 140 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் கணினி வழியாகக் கவனப் பயிற்சியும், அன்றாடக் குறைகளை ஈடுகட்டும் உத்திகளும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது அவர்களுடைய கவனமும் சொல் நினைவும் மற்றப் பிரிவினரைவிட மேம்பட்டிருந்தன, மனக் களைப்பும் குறைந்திருந்தது. நான் இதில் முக்கியமாகக் கருதுவது அந்த உத்திகளை. குறித்து வைப்பது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, சத்தமில்லாத இடத்தில் செய்வது, களைப்பு வரும் முன்னரே நிறுத்துவது ஆகிய எல்லாம் வீட்டிலேயே, காசில்லாமல் செய்யக் கூடியவை.

எங்கள் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, செய்தது இதைத்தான். கடைக் கணக்குப் புத்தகத்தை அண்ணனிடம் கொடுத்து, அன்று வந்த குலைகளின் எடையை மட்டும் எழுதச் சொன்னார். எடை எழுதிக்கொண்டிருக்கும்போதே விலையைச் சொன்னால் இரண்டும் குழம்பின. அதனால் எடை முழுவதும் எழுதி முடித்த பிறகே விலை, விலை முடிந்த பிறகே பெருக்கல் என்று பிரித்துக்கொண்டார்கள். முன்பு மனக்கணக்காகவே சொன்னவர் என்பதற்காகக் கால்குலேட்டரை யாரும் மறுக்கவில்லை. எழுதி முடித்த வரிகளை ஓர் அடிக்கோலால் மறைத்துக்கொண்டு எழுதுவார். கண் வேறு வரிக்குத் தாவாமல் இருக்க அது உதவியது. காலைப் பலகாரம் முடிந்து சிறிது நேரம் கழித்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் மட்டும். கண்ணைக் கசக்கத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட வேண்டும், பாதி வரி மிச்சம் இருந்தாலும் சரி.

கணக்கில் தடுமாறிய அதே மனிதரின் கையில் ஏத்தன் (நேந்திரன் வாழை) குலை ஒன்றைக் கொடுத்தபோது, காயின் விளிம்பை விரலால் தடவி, அது இன்னும் திரண்டு உருளவில்லை, வெட்டியது முந்திவிட்டது என்று தயக்கமில்லாமல் சொன்னார். பல்லாண்டுப் பழக்கத்தால் கையில் ஊறிய அறிவும், புதிய செய்தியை நினைவில் வைக்கும் திறனும் மூளையில் ஒரே பாதையில் நடப்பவை அல்ல. ஒன்று அடிபட்டாலும் மற்றது பெரும்பாலும் பிழைத்து நிற்கும். அந்தப் பிழைத்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஓணத்துக்கு ஏத்தன் விலை ஏறும், கேரளத்துக்குச் சரக்கு அனுப்ப எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டுவது என்ற கேள்வி வீட்டில் எழுந்தபோது மைனி அவரிடம்தான் கேட்டார். அவர் சொன்ன நாளில்தான் வெட்டினார்கள். தீர்மானம் எடுக்கும் உரிமை மீண்டும் தம்மிடம் வந்தது என்று அவருக்குத் தெரிந்த பிறகு, யாரும் தூண்டாமலே காலையில் கணக்குப் புத்தகத்தைத் தேடத் தொடங்கினார்.

சொல் வராத சிக்கலுக்கும் அவருடைய தொழிலே இடம் கொடுத்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பது மருத்துவமனைகளில் வழக்கமான சோதனை. வீட்டில் அண்ணன் மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன் என்று வாழை இனங்களைத் தாமே வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். தமிழ்ப் பெயர் வராதபோது மலையாளப் பெயர் முந்திக்கொண்டு வந்தால் அதை யாரும் திருத்துவதில்லை. எல்லைப் பகுதியில் வளர்ந்தவரின் மூளையில் இரண்டு மொழியும் இருக்கின்றன. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாக அவர் வரட்டும்.

இதே காரணத்தால், நினைவாற்றல் சோதனை எந்த மொழியில் நடக்கிறது என்பதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் அண்ணனை மலையாளத்தில் சோதித்தார்கள். சந்தையில் அவர் சரளமாகப் பேசும் மொழிதான்; ஆனாலும் அவர் எண்ணுவதும் நினைவில் வைப்பதும் தமிழில். கதை ஒன்றைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியில் மிகவும் பின்தங்கினார். தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளர் வேறு நாளில், வேறு கதையை வைத்துச் சோதித்தபோது எவ்வளவோ மேலாகச் செய்தார். மதிப்பெண் தாளைப் பார்த்து மனம் உடையும் முன், எந்த மொழியில் கேட்டார்கள் என்று கேளுங்கள். தாய்மொழியில் சோதிக்கும்படி கேட்பது நோயாளியின் நியாயமான உரிமை.

பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "என்னை ஓர்மை இருக்கா? நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது பாசம், அவருக்கோ அது ஒரு கூட்டத்தின் நடுவில் எழுதும் பரீட்சை. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வாருங்கள். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது உடனே எடுத்துக் கொடுக்காமல் சிறிது பொறுங்கள். அவர் முன்னாலேயே "இப்போ எப்படி இருக்கார், எல்லாம் புரியுதா" என்று மைனியிடம் கேட்பதை அறவே விடுங்கள். வல்லாரைப் பொடி வாங்கி வருகிறவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும் வலிப்பு மாத்திரை எடுப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பொடியையும் கொடுக்கக் கூடாது.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பச் சொல்லவில்லை. நன்றாகத் தேறி வந்தவர் திடீரென்று பின்னடைந்தால், புதிதாகத் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கத் தளர்ச்சி தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதிலும் நாட்டமின்றி நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக் கிடப்பது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. கதிர்வீச்சின் பின்விளைவாக மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் நினைவாற்றல் குறையலாம், சிலருக்கு ஹார்மோன் சுரப்பும் குறையலாம். இரண்டையும் வயதின் மேல் போட்டுவிடக் கூடாது.

மறுபரிசோதனைக்குப் போகும்போது ஸ்கேன் படத்தோடு, வீட்டில் அவர் எதைச் செய்கிறார், எதில் தடுமாறுகிறார், எந்த நேரத்தில் களைக்கிறார் என்று எழுதிய தாள் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், நரம்பு உளவியலாளர் ஆகியோரிடம் அனுப்ப முடியுமா என்று நீங்களாகவே கேளுங்கள். மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கெனத் துறைசார்ந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். கட்டி மீண்டும் வளர்ந்திருக்கிறதா என்ற அச்சத்தோடு மருத்துவர் முன் உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் இந்தக் கேள்வி விட்டுப் போய்விடுவது இயல்பு. ஆதலால் அந்தத் தாளின் முதல் வரியாக இதையே எழுதிக்கொண்டு போங்கள்.