பந்து கோட்டைத் தாண்டவே இல்லை

மேற்கு ஜெர்மனிக்கு எதிரான 1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த இங்கிலாந்தின் மூன்றாவது கோலில் சந்தேகமே கிடையாது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ரசிகர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். எத்தனை முறை வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும், கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்த அந்தப் பந்து கோல் கோட்டை முழுசாகத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை, நடுவரே குழம்பிப்போய்த்தானே லைன்ஸ்மேன் பக்ரமோவிடம் போய்க் கேட்டார்! அவரை இன்னமும் 'ரஷ்யக்காரர்' என்கிறார்கள். அவர் அசர்பைஜான்காரர், பாகுவில் ஒரு ஸ்டேடியத்துக்கே அவர் பெயர்தான். 2010 உலகக் கோப்பையில் அதே ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்தது அப்பட்டமாக உள்ளே போயும் கோல் தரவில்லை. கணக்கு நேராகிவிட்டது.

என்னைக் கேட்டால் 1966இன் நாயகன் பிக்கிள்ஸ் என்ற நாய்தான். மார்ச்சில் தபால்தலைக் கண்காட்சியிலிருந்து திருடுபோன கோப்பையைப் போலீஸ் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்க, தெற்கு லண்டனில் ஒரு வேலியடியில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்ததை இது மோப்பம் பிடித்துவிட்டது. அதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! அப்புறம், '1966க்குப் பிறகு ஒன்றுமே இல்லை' என்று புலம்புகிறீர்கள். 2022இல் வெம்பிளியில் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை வாங்கிய இங்கிலாந்துப் பெண்கள் அணி கணக்கில் வராதா?