மன உறுதி மட்டும் மிதக்க வைக்காது

பூன் லிம் கதை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி, அட்லாண்டிக் கடலில் ஒரு மரத்தெப்பத்தில் தனியாக 133 நாள் கிடந்து பிழைத்த சீன இளைஞர். படத்துக்குக் கீழே வழக்கமான வரி: "மனசுல உறுதி இருந்தா கடல் நம்மள ஒன்னும் செய்யாது." பகிர்ந்தவர்களில் பலர் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள். மற்ற ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். அதனால் அந்த வரியை அப்படியே விட எனக்கு மனமில்லை.

பூன் லிம் உண்மையில் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1942 நவம்பர் 23 அன்று பென்லோமண்ட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. அதில் அவர் பணியாளர். கப்பல் மூழ்குவதற்குள் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு குதித்தார். அவர் நல்ல நீச்சல்காரர் இல்லை. தெப்பம் கண்ணில் படும்வரை சுமார் இரண்டு மணி நேரம் அந்த ஜாக்கெட்தான் அவரைத் தாங்கியது. தெப்பத்தில் பிஸ்கட் டின்கள், குடிதண்ணீர், டார்ச் லைட் எல்லாம் இருந்தன. ஆபத்து எதுவும் இல்லாத ஒரு நாளில், யாரோ ஒருவர் அவற்றை அங்கே எடுத்து வைத்திருக்கிறார். அந்த ஆளை இந்தக் கதை சொல்கிற யாரும் நினைப்பதே இல்லை.

தண்ணீர் தீர்ந்ததும் கேன்வாஸ் துணியை விரித்து மழைநீர் பிடித்தார். டார்ச்சில் இருந்த கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். சணல் கயிற்றைப் பிரித்துத் தூண்டில் நரம்பாக்கினார். கிடைத்த மீனைக் கீறி வெயிலில் காயப்போட்டார். கருவாடு போடத் தெரிந்த நமக்கு இது புரியும். தவறி விழுந்தாலும் அலை கொண்டுபோய்விடாதபடி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டார். 1943 ஏப்ரலில் பிரேசில் கரையோரம் அவரைத் தூக்கியவர்கள் மீனவர்கள். உறுதி இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்காது, சரி. ஆனால் அதே கப்பலில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் வேறு ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களுக்கெல்லாம் மனசில் உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் இருக்கிறார். ஓர் ஆடி மாதம் தென்கடலில் இருட்டும் நேரத்தில் அவருடைய ஃபைபர் வள்ளம் கவிழ்ந்தது. மூன்று பேர். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் தொற்றிக்கொண்டார்கள். கச்சான் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. தூரத்தில் லைட் ஹவுஸ் வெளிச்சம் தெரிந்தது. மூவரில் நன்றாக நீந்தக்கூடிய பையன், "நான் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டான். மற்ற இருவரும் நங்கூரக் கயிற்றால் தங்களை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விடிய விடியக் கிடந்தார்கள். காலையில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று பார்த்துத் தூக்கியது. நீந்திப் போன பையன் திரும்பவில்லை. "எங்க எல்லாரையும் விட அவனுக்குத்தாம்ப்பா நெஞ்சுரம்" என்று சித்தப்பா இன்றும் சொல்லுவார்.

ராத்திரிக் கடலில் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். படகு மிதக்கும்வரை படகை விடாதே என்று மீட்புப் பயிற்சிகளில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேடி வருகிறவர் கண்ணில் அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை படுவது அபூர்வம், கவிழ்ந்த வள்ளம் படும். இந்த ஒரு விஷயத்தை ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பையனுக்கு இப்போது பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

தெரிந்து வைத்திருக்க வேண்டியவை இப்படி இன்னும் இருக்கின்றன. நம் கடல் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் உடம்பின் சூடு 37 டிகிரி. அதைவிடக் குறைந்த எந்தத் தண்ணீரும் மணிக்கணக்கில் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதுவும் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக. அதனால் நனைந்த சட்டையைக் கழற்றக் கூடாது, ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். அப்புறம் தாகம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால், அந்த உப்பை வெளியே தள்ள சிறுநீரகம் குடித்ததைவிட அதிகமான தண்ணீரைச் செலவழிக்கும். குடிக்கக் குடிக்க வறட்சிதான்.

இது கடலுக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் ஒரு விமானம் நடுவானில் சிதறியது. 92 பேரில் பிழைத்தது யூலியானா கோப்கே என்ற 17 வயதுப் பெண் மட்டும். இருக்கையோடு சேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தார். விழுந்து பிழைத்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த 11 நாள் அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய பெற்றோர் அந்தக் காட்டிலேயே ஆராய்ச்சி செய்தவர்கள். ஓடையைக் கண்டால் அது போகும் பக்கமே போ, ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியே போனார், மரம் வெட்டும் தொழிலாளர்களின் குடிசையை அடைந்தார்.

நம் நாட்டிலேயே பாருங்கள். 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்ட் மாநிலம் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். குழாய் வழியே காற்றும் சாப்பாடும் போனதால் 17 நாள் தாங்கினார்கள். பெரிய துளைப்பான் இயந்திரம் கடைசிச் சில மீட்டரில் உடைந்தது. மிச்சத்தைக் கையால் குடைந்து வழி செய்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள், அதாவது எலி வளை போலக் குறுகலான குழியில் நுழைந்து கையால் நிலக்கரி தோண்டிப் பழகியவர்கள். அந்த முறையில் நிலக்கரி எடுப்பதே 2014-ல் தடை செய்யப்பட்டது. கடைசியில் அந்தக் கைகள்தான் 41 உயிரைக் கொண்டுவந்தன. பிரேசில் மீனவர், பெருவின் மரவெட்டி, சில்க்யாராவின் குழி தோண்டுகிறவர், சித்தப்பாவைத் தூக்கிய பக்கத்து ஊர்ப் படகு. பிழைத்தவரின் படத்தைப் பகிரும்போது தூக்கியவரின் கையையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

'மனசு இருந்தால் போதும்' என்று சொல்லப் பழகிவிட்டால், மற்றது எதையும் யாரும் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. எனக்குக் கோபம் இதில்தான். லைஃப் ஜாக்கெட் ஏன் படகின் அடியில் மூட்டையாகக் கிடக்கிறது? அதை மாட்டிக்கொண்டு வலை இழுக்க முடியாது, புழுங்கும், உராயும். தொழில் செய்கிறவனுக்குத் தோதாக இடுப்பில் பெல்ட் போலக் கட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது, இழுத்தால் காற்று நிரம்பும். அதை நாட்டுப்படகு, வள்ளக்காரர்கள் வரை கொடுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் செல்போன் டவர் கிடைக்காது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்கு இடத்தைக் காட்டும் கருவியை இஸ்ரோ செய்து வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்க வேண்டும், சின்னப் பையனுக்கும் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரையில் காத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்குத்தான் இந்த எண் முதலில் தெரிய வேண்டும், நேரம் தப்பியதை முதலில் உணர்கிறவர்கள் அவர்கள்தான். 2017 ஒக்கி புயலின்போது குமரி மாவட்டத்தில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனதால் என்ன ஆனது என்பதை நாம் பார்த்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், ஆட்களும் ஊரில்தான் இருப்பார்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல நேரம் எது?

பிழைத்து வந்தவரின் பிற்பாட்டையும் யாரும் எழுதுவதில்லை. மெக்சிகோ கரையிலிருந்து 2012-ல் மீன்பிடிக்கப் போய், 438 நாள் பசிபிக்கில் மிதந்து 2014 ஜனவரியில் மார்ஷல் தீவுகளில் கரை ஒதுங்கினார் சல்வடோர் அல்வரெங்கா. கூடப் போன இளைஞர் வழியிலேயே இறந்துவிட்டார். ஊர் திரும்பிய அல்வரெங்கா தண்ணீரைக் கண்டாலே பயந்தார். நம் பக்கத்தில் அப்படித் திரும்பி வந்தவரை இரண்டு வாரத்தில் "இன்னுமா வீட்ல இருக்க?" என்று கேட்டுவிடுகிறோம். தயவுசெய்து கேட்காதீர்கள். அவரோடு போய் உட்காருங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அடித்துச் செல்லப்பட்டதை ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்கிறோம். அந்த இரவைத் தாண்டி வந்தவர்கள் எந்த மேட்டில் நின்றார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள், எத்தனை நாள் தண்ணீரில்லாமல் இருந்தார்கள் என்று அந்த அளவுக்குக் கேட்பதில்லை. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர், இல்லை கடலில் கிடந்து திரும்பிய வேறு யாராவது இருந்தால், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். என்ன காற்று, எத்தனை மணி, கையில் என்ன இருந்தது, முதலில் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், யார் தூக்கினார். அவர் அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். குரல் பதிவை எனக்கு அனுப்பினால் எழுத்தில் ஆக்கித் தருவது என் பொறுப்பு. பெயர் வேண்டாம் என்றால் பெயர் போட மாட்டேன். அடுத்த தடைக்காலத்துக்குள் சின்னப் புத்தகமாக அச்சடித்து, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை படகு நிற்கிற இடமெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கூட வர விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.