ஸ்டென்ட் வைத்தவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்க ஸ்டென்ட் என்னும் சின்ன வலைக்குழாய் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இஞ்சி, பூண்டுச் சாறு குடித்தால் போதுமாம். மறுத்து எழுதிய எனக்கு "மருந்துக் கம்பெனி ஆள்" என்று பட்டம். சரி, கொடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வெறும் உலோக ஸ்டென்ட் மட்டும் இருந்த காலத்தில், நூற்றுக்கு 20, 30 பேருக்குச் சில மாதங்களிலேயே அதே இடம் மறுபடி சுருங்கியது. காயத்தை ஆற்ற உடம்பு வளர்க்கும் தழும்புத் திசு உள்ளே மண்டிவிடும். அதைத் தடுக்கத்தான் சிரோலிமஸ் போன்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 2002, 2003 வாக்கில் வந்தது. அந்த மருந்து திசு வளர்வதை அடக்குகிறது. அதனாலேயே கம்பியின் மேல் மெல்லிய உட்சவ்வு படர்வதும் தாமதமாகிறது. அதுவரை ரத்தம் உலோகத்தை உரசித்தான் ஓடும். அங்கே உறையாமல் காப்பது ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும். பூண்டு அல்ல.

என் சித்தப்பா பல் பிடுங்கப் போனார். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரமே நெஞ்சுவலி. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து முழு அடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துபோனது. வயலுக்கு நடந்தே போய் வந்த மனுஷன், இப்போது வாசல்படி ஏற மூச்சு வாங்குகிறார். சித்தி அந்த வீடியோவை எனக்கே அனுப்பி "இது நிஜமாப்பா?" என்று கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

"தேவையில்லாமல் ஸ்டென்ட் வைத்துக் கொள்ளையடிக்கிறார்களே?" என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. மாரடைப்பு வராத, நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்கு மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைப்பது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2020-ல் வெளியான பெரிய ஆய்வே சொன்னது. விலையும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போடும்வரை லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். கேளுங்கள், சண்டை போடுங்கள். ஆனால் அதெல்லாம் வைப்பதற்கு முன். உள்ளே வைத்த பிறகு யார் மேல் உள்ள கோபத்துக்கு மாத்திரையை நிறுத்துகிறீர்கள்?

இந்த மாத்திரைகளால் ரத்தக்கசிவு பயம் இருந்தால், அவற்றைச் சாப்பிடும் காலத்தை டாக்டரே குறைப்பார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. மாரடைப்புக்குப் பின் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டு மாத்திரையும் வேண்டும்.

வீடியோ போட்டவரிடம் மரியாதையாகத்தான் நீக்கச் சொன்னேன். என்னை பிளாக் செய்துவிட்டார். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறீர்கள். நீங்களாவது எடுத்துவிடுங்கள்.