கல்லறையைத் திறக்காதவர்கள் கோழைகளாம்!

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடல் முடிந்து சிறப்பு விருந்தினர் பேசிய காணொளியை எனக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஜாக்கி சான் இரண்டு மணி நேரத்தில் புகுந்த கல்லறைக்குள் தொல்லியலாளர்கள் 50 ஆண்டுகளாகப் போகவில்லை, தைரியம் இல்லை" என்றார். கைதட்டல். பிறகு என் பக்கம் திரும்பி, "நம் தூரிகைக்காரருக்குக் கோபம் வரும்" என்று ஒரு சிரிப்பு. அகழாய்வில் தூரிகையால் மண் தட்டுபவன் நான் என்பதால் அந்தப் பட்டம்.

வந்தது ஐயா.

அன்று திரையிட்ட 'தி மித்' (2005) எனக்கும் பிடித்த படம்தான். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையைச் சுற்றிய கதை. பசை பூசிய கன்வேயர் பெல்ட்டில் நடக்கும் அந்தச் சண்டையை இன்றும் சிரித்துக்கொண்டே பார்ப்பேன். மிதக்கும் கல்லறை, மூப்படையாத இளவரசி எல்லாம் கதைக்கு அழகு. ஆனால் அதே படத்தின் முடிவில் கல்லறை இடிந்து விழுகிறதே! விருந்தினர் அதற்கு முன்பே எழுந்து மேடைக்குப் போய்விட்டாரோ?

திறக்காமல் இருப்பதும் வேலைதான். 1974-ல் சீனாவின் சியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயிகளால் வெளிப்பட்ட, அந்தப் பேரரசருக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் சிலை வீரர்கள் மண்ணுக்குள் வண்ணத்தோடுதான் நின்றார்கள். வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களில் வண்ணத்துக்கு அடியிலிருந்த அரக்குப் பூச்சு சுருண்டு உரிந்தது. வீரர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்கு அடியில் கிடக்கும் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்கு?

துணிச்சலும் காட்டிப் பார்த்தவர்கள்தான். 1956-ல் பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் வான்லியின் டிங்லிங் கல்லறையைத் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே இருந்த பட்டுத் துணிகள் பாழாயின. 1966-ல் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் இறங்கிய இளைஞர் படையான செங்காவலர்கள் பேரரசரின் எலும்புகளையும் பேரரசியர் இருவரின் எலும்புகளையும் வெளியே இழுத்து எரித்தார்கள். இதற்கும் கைதட்டலாமே.

மாணவனாக ஓர் அகழாய்வில் இருந்தபோது ஒரு பெரிய மனிதர் பார்வையிட வந்தார். வெள்ளைக் கோடுகள் வரைந்த பானை ஓடு ஒன்று அப்போதுதான் கிடைத்திருந்தது. புகைப்படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்தார். கோடுகள் போய்விட்டன. "அழுக்கு போயிற்று" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தக் குழியில் நாங்கள் முட்டிபோட்டு மண் தள்ளியது அவர் கண்ணில் படவே இல்லை.

"படத்தைப் படமாகப் பார்" என்பீர்கள். அதை மேடையில் பேசியவரிடம் சொல்லுங்கள். "அப்படியானால் எப்போதுமே திறக்கக் கூடாதா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? காக்கும் வழி கையில் வந்த பிறகு திறக்கட்டும். சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குள் பாதரசத்தால் ஆறுகள் அமைத்ததாகப் பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். "பாதரச ஆறெல்லாம் சிமா சியான் எழுதிய கட்டுக்கதை" என்று நேற்று ஒருவர் கிண்டல் செய்தார். அந்தப் பேரரசர் இறந்து சுமார் நூறாண்டு கழித்து எழுதப்பட்டது, உண்மை. ஆனால் மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்துக்கு மேல் இருந்ததே, அதற்கு என்ன பதில்?

அதே சிமா சியான் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கல்லறையின் ரகசியம் தெரிந்த கைவினைஞர்களை உள்ளே வைத்தே கதவை அடைத்துவிட்டார்களாம். படத்தில் தளபதிக்கும் இளவரசிக்கும் காதல் பாட்டு உண்டு. உளி பிடித்தவனுக்கு என்ன உண்டு? அன்று கதவை அடைத்தார்கள், இன்று மேடையேறிக் கோழை என்கிறார்கள்.

"விடுங்கள் சார், நகைச்சுவைதானே" என்று எழுத வருபவர்கள் இன்று மட்டும் வேறு பதிவுக்குப் போங்கள். அடுத்த மாதத் திரையிடலுக்கு நான் வரவில்லை. அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம்.