22 நொடி 44 ஆன கதை

கெர்னலில் (ஹார்டுவேரையும் மற்ற நிரல்களையும் மேய்க்கும் மைய நிரல்) பிழை வந்து மெஷின் உறைந்து நின்றால் உடனே தெரிந்துவிடும். பிராசஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில் பிழை வந்தால் அப்படித் தெரியாது. எல்லாம் ஓடும், கொஞ்சம் மந்தமாக. 'பழைய லேப்டாப்தானே' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

2024 ஜனவரியில் லினக்ஸ் 6.8-க்கான மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நடந்தது. எதையும் மாற்றாமல் சும்மா கெர்னல் பில்ட் (மூல நிரலிலிருந்து கெர்னலை உருவாக்கும் வேலை) ஓட்டினால், அவருடைய 32 கோர் ஏஎம்டி திரெட்ரிப்பர் பிராசஸரில் 22 நொடி ஆகும். அது 44 ஆகிவிட்டது. பைசெக்ட் செய்து (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து) தேடிப் போனால், போய் நின்ற இடம் ஷெட்யூட்டில் என்கிற கவர்னர். (ராஜ்பவன் சமாச்சாரம் இல்லை. பிராசஸர் எப்போது எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று முடிவு செய்யும் நிரலுக்கு லினக்ஸில் அதுதான் பெயர். இந்தக் கவர்னர் 2016-இல் 4.7 கெர்னலோடு வந்தது.)

பல பிராசஸர்களில், உச்ச வேகத்தோடு ஒப்பிட்டு ஒரு வேலையின் பாரம் எவ்வளவு என்று கெர்னலால் கணக்கிட முடியும். அந்த வசதி செயல்படாத மெஷினில் (லினஸுடையது அப்படித்தான்), இப்போதைய வேகத்தில் கோர் எவ்வளவு நேரம் பிஸி என்பது மட்டும்தான் தெரியும். நூற்றுக்கு நூறு பிஸி என்றால், உள்ளே காத்திருப்பது நூறா இருநூறா? தெரியாது. அதனால் கவர்னர் இப்போதைய வேகத்தோடு கால் பங்கு கூட்டிப் பார்க்கும். அப்போதும் பிஸி என்றால் இன்னொரு கால் பங்கு. இப்படிப் படிப்படியாக மேலே போகும். புதிய மாற்றம் அந்தக் கால் பங்கை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, பிறகு நூறைத் தாண்டாமல் வெட்டியது. கூட்டியது அங்கேயே போச்சு! கோர் மூச்சு முட்ட உழைத்தும் கீழ்ப்படியிலேயே கிடந்தது.

மாற்றத்தை எழுதிய வின்சென்ட் கிட்டோவே சீக்கிரம் திருத்தத்தையும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வசதி உள்ள மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. என் கட்சி இதுதான்: இந்த மாதிரி பேட்சை (நிரலில் செய்யும் மாற்றத்தை), எழுதியவரின் மெஷினில் இருக்கும் வசதி எந்த மெஷினில் இல்லையோ அங்கேதான் முதலில் ஓட்ட வேண்டும். அதுவும் பெஞ்ச்மார்க் என்கிற வேகச் சோதனை நிரலை மட்டும் நம்பாமல், தினமும் செய்யும் வேலையைக் கையில் கடிகாரத்தோடு.

அந்தக் கடிகாரமும் ஏமாற்றும் என்பது வேறு விஷயம். போன வருஷம் என் எட்டு வயது லேப்டாப்பில் ஒரு புதிய ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) கெர்னலைப் போட்டு, மூன்று முறை கம்பைல் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டே போனது. கெர்னல் கெட்டுவிட்டது என்று புகார்க் கடிதம் பாதி எழுதியாகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, மதிய வெயிலில் ஃபேன் அலறிக்கொண்டிருக்கிறது; சூடு ஏறி பிராசஸர் தானாகவே பம்முகிறது. ராத்திரி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆறவிட்டு ஓட்டினால் பழைய கெர்னலுக்கும் புதியதற்கும் வித்தியாசமே இல்லை.

இப்போதெல்லாம் நேரத்தோடு, பிராசஸரின் வேகத்தையும் மின்செலவையும் காட்டும் டர்போஸ்டாட் என்கிற கருவியில் வாட்ஸ் கணக்கையும் எடுத்து வைக்கிறேன். வேகம் ஏறினால் வோல்டேஜும் ஏறும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். இரண்டு நொடி மிச்சம் பிடிக்க பேட்டரியைக் காலி செய்யும் பேட்சை வெற்றி என்று சொல்ல முடியுமா?

சரி, அந்த வசதி செயல்படாத பழைய ஏஎம்டி டெஸ்க்டாப் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸ் வாருங்கள். இந்த வார ஆர்சியை என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்து என்ன சொல்வது?