தோப்பைக் குத்தகைக்கு விடலாம், பட்டாவைக் கொடுக்காதீர்கள்

காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பூ விட்டதும் வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்ப்பார். காய்ப்பை மதிப்புப் போட்டு ஒரு தொகை பேசுவார். கடைசிக் காய் இறங்கியதும் தோப்பு மறுபடி நம் கைக்கு வந்துவிடும். பெங்களூரா ரக மாங்காய்க்கு விலையே இல்லாமல் போன வருடத்தில்கூட மரம் நம்முடையதுதான். குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு பட்டாவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

என் பாட்டு விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன். ஆறு வருடமாக அந்த வலி போகவில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்போது நிறையத் தம்பி தங்கைகள் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டுக்கு வரியும் மெட்டும் என்னுடையவை. பம்பை அடித்தவர் பென்னாகரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர். எங்கள் மாடி அறையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்து வைத்துப் பதிவு செய்தோம். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கும் நேரமாகப் பார்த்து இரவு இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். மழை ஈரத்தில் தோல் தொய்ந்து போயிருந்தது. வாத்தியார் அடுப்படியில் உட்கார்ந்து பம்பையைத் திருப்பித் திருப்பி அனல் காட்டினார், விரலால் சுண்டிக் கேட்டார், தலையை ஆட்டினார், மறுபடி காட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் ஒரே டேக். அந்த நாதம் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு கம்பெனி கூப்பிட்டது. 15,000 ரூபாய், ஆங்கிலத்தில் பதினோரு பக்க ஒப்பந்தம். பாட்டின் உரிமை உலகம் முழுவதும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுக்க அவர்களுக்கே என்று அதில் எழுதியிருந்தது. பதிப்புரிமைக் காலம் என்றால் எவ்வளவு தெரியுமா? வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர் ஆயுள் முடிந்து அதற்கு மேல் 60 ஆண்டு. அதாவது என் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வாத்தியாரின் பேரன் போன் செய்தான். தாத்தாவின் பாரதக் கூத்து வீடியோவை யூடியூபில் போட்டு, முன்னால் இந்தப் பாட்டின் பம்பைப் பகுதியைச் சேர்த்திருக்கிறான். உடனே அந்தக் கம்பெனி உரிமை கோரும் அறிவிப்பு வந்துவிட்டது. "அண்ணா, தாத்தா அடிச்ச பம்பை, தாத்தாவோட கூத்து, இதுக்கு வர்ற காசு மட்டும் வேற யாருக்கோ போகுமா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் கம்பெனிகள் அந்த இரண்டு இடத்தையும் வெறுமனே விடாமல் நிரப்புகின்றன. நாம் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த இரண்டு வரியைத்தான். 2012 திருத்தம் இன்னொரு பிடியையும் கொடுத்தது. உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில் அவர்கள் பங்கை, விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் எழுதி வாங்க முடியாது. ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. வரியும் மெட்டும் போடுபவர்களின் ராயல்டியை வசூலித்துத் தருவது அதன் வேலை. நான் சேர்ந்துவிட்டேன். நீங்கள் முதல் பாட்டு வெளியிடும்போதே சேருங்கள்.

இப்போது என்னிடம் பதிவுக்கு வருகிற எல்லோரிடமும் மைக்கை ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு தாள் எழுதி வாங்குகிறேன். யார் வரி, யார் மெட்டு, யார் வாசித்தார், யாருக்கு எத்தனை சதவீதம். அவ்வளவுதான், ஒரு பக்கம். வாத்தியாரிடம் முதல்முறை நீட்டியபோது "கையெழுத்து எதுக்கு தம்பி, உன் வாய்ச்சொல் போதாதா?" என்றார். போதாதுங்க ஐயா என்றேன். நண்பர்கள் சேர்ந்து பண்ணும் பாட்டுக்கும் இந்தத் தாள் வேண்டும். பணம் வராத வரைக்கும் எல்லோரும் மச்சான்தான்.

வருமானத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அந்தப் பதிவுக்கு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பரப் பணம் வர 1000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; இல்லையென்றால் 1000 சந்தாதாரரோடு 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை குவிக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் இதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. எனக்குச் சோறு போட்டது மேடை. திருவிழா, கல்லூரி விழா, ஓசூரில் இரண்டு மூன்று கம்பெனி நிகழ்ச்சிகள், அப்புறம் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்த பதிவுகள். சினிமா வாய்ப்பு வரும் என்று சென்னைக்குப் போய் அறை எடுத்துக் காத்திருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே வீணாய்ப் போன காலம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, அங்கே சொந்தப் பாட்டுக்கு மேடை இருக்கிறது. அது எனக்குப் புரியவே நாலு வருடம் ஆனது.

பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை. சிலவற்றில் வருடச் சந்தா கட்டாவிட்டால் பாட்டு இறங்கிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட அடையாளக் குறியீடு ஒன்று வரும். அதைச் சர்வே நம்பர் மாதிரி நினைத்து எழுதி வையுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை பாட்டோடு சேர்ந்து வரும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாருக்காவது ஒப்பந்தம் வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். கூத்துக் கலைஞர்கள் யாருக்கேனும் போன் பழக்கம் இல்லையென்றால் ஊரைச் சொல்லுங்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.